மூன்று கூடுகளுக்கு ஒரு பெட்டி

கதவைத் திறந்ததும் அந்தப் பெண் கூரியர்காரனின் முதுகுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்த்திருப்பாள். மூன்று தடவை அனுப்பும் செலவு கட்டியவள். அவன் கையில் இருப்பதோ ஒரு பெட்டி. மீதி இரண்டும் வண்டியில் இருக்கும், எடுத்து வருவான் என்று வாசலிலேயே நின்றிருப்பாள். அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, 'தம்பி, இன்னும் ரெண்டு இருக்கணுமே' என்று கூப்பிட்டிருப்பாள். 'எனக்குக் குடுத்தது இவ்வளவுதாங்க' என்று அவன் திரும்பாமலே சொல்லியிருப்பான். பிறகு உள்ளே போய், மேசைமேல் வைத்துப் பிரித்து, முதலில் என் சீட்டைத்தான் படித்திருப்பாள்.

இந்த இடத்துக்கு நினைப்பு வரும்போதெல்லாம், விளக்குக் கூடுகளைத் தைத்து அனுப்பியவளுக்குக் காது மடல்கள் சுட்டன. அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்துவிட்டிருந்தது. துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்த துணியை அலசாமல் தொட்டியில் போட்டுவிட்டு வேலையறைக்குப் போனாள். எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

அந்தப் பெண்ணின் முகம் அவளுக்குத் தெரியாது. பெட்டியின் மேல் ஒட்டிய விலாசம் மட்டும் தெரியும். ஆனாலும் நேற்று மாலையிலிருந்து ஒரு முகத்தை அவள் செய்துவைத்திருந்தாள். கண்ணாடி போட்ட, குரலை உயர்த்தாத, கணக்கு கேட்பதற்கே கொஞ்சம் கூச்சப்படுகிற முகம். திட்டுகிற முகமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுகிறவர்களைத் திருப்பித் திட்டிக்கொள்ளலாம்.

அந்தப் பெண் எழுதியதாக நாத்தனார் நேற்று மாலை அனுப்பிய செய்தி அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. 'கூடுகள் மிக அழகாக இருக்கின்றன. தையலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றும் ஒரே பெட்டியில், ஒன்றுக்குள் ஒன்றாக வந்து சேர்ந்தன. என்னிடம் மூன்று பெட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதானா? இரண்டு பெட்டிக்கானதைத் திருப்பித் தரவும்.' அதன் கீழே ஒரு படம். இவள் தன் கையால் எழுதி உள்ளே வைத்த சீட்டு. 'மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன. இழுக்க வேண்டாம். மெதுவாகத் திருகி எடுக்கவும்.' பக்கத்தில், எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று ஒரு சின்ன வளைந்த அம்பு.

அந்த அம்பைப் போடும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

விளக்கின் மேல் கவிழ்க்கிற துணிக்கூடுகள் அவை. கம்பி வளையத்தில் துணியை இழுத்துக் கட்டி, விளிம்பை மடித்து, கையால் தைக்க வேண்டும். தூக்கினால் இருப்பதே தெரியாது, அவ்வளவு லேசு. முதன்முதலில் ஒரு கூட்டைக் கூரியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனபோது, இறகு மாதிரி இருக்கிறதே, செலவும் இறகு மாதிரிதான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அங்கிருந்தவர் பெட்டியைத் தராசில் வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் பார்த்தார். லேசான பொருள் இடத்தை அடைத்தால் எடைக்கு வாங்க மாட்டார்களாம், இடத்துக்குத்தான் வாங்குவார்களாம்.

அன்று முழுவதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. வெறும் காற்றுக்கு யாரோ ஒருத்தர் காசு கட்ட வேண்டுமா? குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வழி தெரிந்தது. கம்பி வளைக்கிறவரிடம் போய் மேல் வளையத்தைச் சிறிதாக்கச் சொன்னாள். பக்கக் கம்பிகளின் சாய்வை மாற்றச் சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். ஒன்றுக்குள் ஒன்று போயிற்று. நடுவில் மெல்லிய காகிதத்தைச் சுற்றினால் உரசவும் இல்லை. மூன்று கூடுகள், ஒரு கூடு அடைக்கிற இடத்துக்குக் கொஞ்சமே அதிகமான இடத்தில். கணவரிடம் காட்டினாள். "அப்படியே குடை மாதிரி மடக்க முடியுமான்னு பாரு, தபால் கவர்லயே அனுப்பிடலாம்" என்றார். நாத்தனாரிடம் காட்டியபோது அவள் கைதட்டினாள்.

நாத்தனாருக்கு முப்பது தாண்டிவிட்டது. இன்னும் வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டிதான். இணையத்தில் கடைப்பக்கம் குட்டியின் பெயரில் இருந்தது. படம் எடுப்பது, விலை போடுவது, பணம் வாங்குவது, வருகிற கேள்விக்குப் பதில் எழுதுவது எல்லாம் அவள். தைப்பதும் கட்டுவதும் அனுப்புவதும் அண்ணி. எத்தனை கூடு, எந்த நிறம், எந்த விலாசம் என்பது மட்டும் இவளுக்கு வரும். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது வராது. வர வேண்டும் என்று இவள் கேட்டதும் இல்லை.

செலவு போடுகிற விஷயத்தை ஒரே ஒரு தடவைதான் இருவரும் பேசினார்கள். குட்டி போனை நீட்டிக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"பொருள் விலையை இறக்கிடலாம் அண்ணி. இறக்கினதை அனுப்புற செலவுல ஏத்திக்கலாம். விலை கம்மியா இருந்தாதான் தேடறப்ப மேல வருவோம். இல்லைன்னா எட்டாவது பக்கத்துல போய் உக்காந்து ஈ ஓட்டணும்."

"அது சரியாம்மா?"

"கட்டறவங்களுக்கு மொத்தம் ஒண்ணுதானே? இந்தப் பையில இல்லைன்னா அந்தப் பை. அப்புறம், அனுப்புற செலவுன்னா கூரியருக்குக் குடுக்கறது மட்டுமா? பெட்டி, டேப்பு, காகிதம், நீங்க வெயில்ல தூக்கிட்டுப் போறது, அங்க வரிசையில நிக்கறது. உங்க கை என்ன சும்மாவா அண்ணி?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் கை ஓய்ந்ததில்லை. மாமனார் படுக்கையில் கிடந்த காலம் முழுக்க அவரைப் புரட்டிப் படுக்கவைத்த கை. அதற்கு நன்றி சொன்னவர்கள் உண்டு; பாவம் என்றவர்களும் உண்டு. அது சும்மா கிடைக்கிற பொருள் இல்லை என்று ஒருத்தரும் சொன்னதில்லை. குட்டி சொன்னாள். பேச்சுவாக்கில், போனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அதைப் படுக்கையில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டது இவளுக்கு மட்டும்தான் தெரியும். அதன் பிறகு குட்டி பங்கைக் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம், உறை கொஞ்சம் தடிமனாக இருப்பது விரல்களுக்குத் தெரியும். வியாபாரம் வளர்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அதைத்தான் நினைத்தாளா? அல்லது அதற்கு மேல் நினைக்காமல் பார்த்துக்கொண்டாளா?

அந்தப் பணத்தில்தான் முதுகு சாயக்கூடிய ஒரு நாற்காலி வாங்கினாள். நேற்று மாலையிலிருந்து அதில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறாள். மேசை அருகே நின்றபடியே ஒரு விளிம்பைத் தைக்கப் பார்த்தாள். நூல் சிக்கிக்கொண்டது. பல்லால் கடித்து அறுத்துப்போட்டாள்.

அப்போதுதான் குட்டி கூப்பிட்டாள்.

"அண்ணி, சாப்பிட்டீங்களா? குரல் ஏன் அப்படி இருக்கு? தூங்கலையா?"

"தூங்கினேன். நீ?"

"எங்க தூங்கறது! சரி, கேளுங்க. ஒத்தை ஷேடு போடற சின்னப் பெட்டி இருக்குல்ல, அதுல மூணு எடுத்து வைங்க. அந்தம்மா வாங்கின அதே நிறத்துல மூணு ஷேடும் எடுத்து வைங்க. மதியத்துக்குள்ள வந்துடறேன்."

"எதுக்கும்மா?"

"வந்து சொல்றேனே."

போனை வைத்த பிறகும் அதே இடத்தில் நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால், வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாளே, அதுவரைக்கும் புரியாத மாதிரி இருக்கலாம் என்று ஒரு சலுகையைத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டாள். முந்தின நாள் கட்டிவைத்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம். அவசரம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

கூரியர் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு எப்போதும் போலப் பாதியில் நின்று உறுமியது. தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் ஒரு தடித்த ஆள் டயரோடு வந்து நின்றார்.

"வாங்க விளக்கக்கா," என்றார் தராசருகே இருந்தவர். "இன்னிக்கு எவ்வளவு காத்து கொண்டுவந்திருக்கீங்க?"

இது அவருடைய வழக்கமான வேடிக்கை. முதல் நாளிலிருந்தே அவர் கணக்கில் இவள் துணியில் கட்டிய காற்றை விற்கிறவள்.

"எப்பவும் போலதான்," என்றாள்.

அவர் டேப்பை இழுத்தார். இழுத்து விட்டபோது அது சர்ரென்று உள்ளே ஓடியது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டாள்:

"ஒரு பெட்டிக்குள்ள எத்தனை சாமான் இருந்தாலும் உங்களுக்கு ஒரு பெட்டி கணக்குதானே?"

"உள்ள யானையே நின்னாலும் எனக்கு நீளம், அகலம், உயரம்தான். ஏன்க்கா, யானை விக்கப் போறீங்களா?"

டயர்க்காரர் சிரித்தார்.

"கட்டறதுக்கு, தூக்கறதுக்குன்னு தனியா ஏதாவது வாங்குவீங்களா?"

"நாங்களா? வாங்கினா நாளைக்கே நீங்க எதிர்க்கடைக்குப் போயிட மாட்டீங்க? அந்த வித்தையெல்லாம் உங்க பக்கம்தான்க்கா. இங்க ஒருத்தர் வருவாரு, சீப்பு விக்கறவரு. சீப்பு விலையைக் கேட்டீங்கன்னா மொட்டைத்தலையன்கூட ரெண்டு வாங்குவான். அனுப்புற செலவைக் கேட்டா, இருக்கற முடியும் நிக்காது. அப்புறம் எதுக்கு சீப்பு?"

இந்தத் தடவை வரிசை முழுவதும் சிரித்தது. அவள் வாயும் சிரித்தது. ரசீதை வாங்கி மடித்து, எந்தப் பையில் வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

திரும்பும் வழியில் ஒரு வாதம் அவளோடு கூடவே நடந்து வந்தது. மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்று வைப்பது சும்மாவா? தனித்தனிப் பெட்டியில் போடுவதைவிட அதற்குத்தானே நேரம் அதிகம்? ஒவ்வொன்றையும் துடைத்து, தையல் தையலோடு உரசாமல் பார்த்து, நடுவே காகிதத்தைச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்க வேண்டும். ஒரு கூட்டுக்கு ஒரு கூலி என்றால் மூன்றுக்கு மூன்று கூலி. இதில் என்ன பொய்? நான் உழைக்காத உழைப்பையா கேட்கிறேன்?

வாதம் நன்றாக இருந்தது. ஒரு தெருவின் நீளத்துக்கு அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

முனையில் ஒரு வண்டிக்காக நின்றபோது, இதையே அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். 'உன் கைக்கு உண்டானதைக் கேள், தருகிறேன்' என்கிறாள். 'ஆனால் நீ கேட்டது அதுவா? மூன்று பெட்டிக்கு வண்டிச் செலவு என்று போட்டு வாங்கினாயே. வராத இரண்டு பெட்டியை எந்த வண்டி தூக்கியது?' வேறு வார்த்தைகளில் சொல்லிப் பார்த்தாள். குட்டியின் வார்த்தைகளில் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருந்த கண்கள் இமைக்கவில்லை. இடம் மிச்சம் பிடிக்க இவள்தான் வழி கண்டுபிடித்தாள். மிச்சமானது வாங்குகிறவர்களுக்குப் போகும் என்றுதான் நினைத்தாள். அது போகவில்லை. அது நாற்காலியானது.

வண்டி போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பின்னால் வந்த ஒருவர், "போறீங்களா, நிக்கறீங்களா?" என்று கேட்டபிறகுதான் நடந்தாள்.

வீட்டில் கணவர் விடுமுறை நாளின் நிதானத்தோடு தரையில் செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"குட்டி கூப்பிட்டா," என்றார் தலை நிமிராமல்.

"என்ன சொன்னா?"

"நீ நல்லா இருக்கியான்னு கேட்டா."

"அதுக்கு எனக்கே போன் பண்ணலாமே. வேற என்ன சொன்னா?"

"இந்தா பாரு, நான் மத்தளம். ஒரு பக்கம் தங்கச்சி, ஒரு பக்கம் பொண்டாட்டி. ரெண்டு பக்கமும் இடிதான் எனக்கு. என்னை விட்டுடுங்க."

"மத்தளம்னா அடிச்சா சத்தமாவது வரும். உங்ககிட்ட அதுவும் வரலையே."

அவர் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு வெட்டிய நகங்களைச் செய்தித்தாளின் நடுவே கூட்டிச் சேர்த்துக்கொண்டே, "போன மாசம்தான் வேலையை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கா. இந்தக் கடைப்பக்கத்தை நம்பித்தான். அதை மட்டும் மனசுல வெச்சுக்கோ," என்றார்.

அதை வைத்துக்கொள்ள அவர் சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்து அது அங்கேதான் இருந்தது.

குட்டி வந்ததும் செருப்பை ஒன்று ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கமாக உதறிவிட்டு நேராக வேலையறைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தலையைச் சரியாக வாரியிருக்கவில்லை. இந்தப் பெண்ணை அண்ணி இப்படிப் பார்த்ததே இல்லை.

"தண்ணி குடிக்கிறியா?"

"அப்புறம் குடிக்கறேன். பெட்டி எடுத்து வைக்கலையா?"

"நீ என்னன்னு சொல்லலையே."

குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். கைவசம் இருந்த ஒரே நாற்காலி அதுதான். "விற்பனைத் தளத்துல இருந்து கேட்டிருக்காங்க அண்ணி. அந்தம்மா அவங்ககிட்ட புகார் பண்ணிட்டா. மூணையும் தனித்தனியா கட்டினோம்னு காட்ட ஒரு படம் வேணுமாம். நாளைக்குள்ள. கட்டினவங்க பேர்ல, ஆமா நான்தான் இப்படிக் கட்டினேன்னு ஒரு வரியும் வேணுமாம். இல்லைன்னா பக்கத்தை நிறுத்தி வெச்சுட்டு விசாரிப்பாங்க. விசாரிக்கறதுன்னா பழசு எல்லாத்தையும் தோண்டுவாங்க."

"நீ என்ன பதில் எழுதினே?"

குட்டி போனைத் திருப்பித் திருப்பி முழங்காலில் தட்டினாள். "மூணையும் தனித்தனிப் பெட்டியில போட்டு, மூணு பெட்டியையும் சேத்து ஒண்ணா டேப் போட்டு அனுப்பினோம்னு."

"எழுதிட்டியா?"

"நேத்தே எழுதிட்டேன். பயத்துல எழுதிட்டேன்."

"அந்தச் சீட்டு?"

"அது வேற யாருக்கோ வெச்சது, மாறிப்போய் இதுக்குள்ள விழுந்துடுச்சுன்னு சொல்லியிருக்கேன். உங்களை யாரு அண்ணி அந்தச் சீட்டை வைக்கச் சொன்னா? எவ்வளவு நாளா வெக்கறீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? திருடப் போன வீட்டுல விலாசத்தை எழுதி வெச்சுட்டு வந்த மாதிரி..."

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அறையில் இருவரும் அந்த வார்த்தையைப் பார்க்காமல், ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். முன்னறையில் செய்தித்தாளை மடிக்கிற சத்தம் கேட்டது.

"இழுத்தா தையல் விட்டுப்போகும்," என்றாள் அண்ணி. "அதுக்குத்தான் வெச்சேன்."

"தெரியும். நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"பணத்தைத் திருப்பிக் குடுத்துடலாமே குட்டி. என் பங்குல இருந்து எடு."

"ஒருத்திக்குக் குடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் மத்தவங்க? ரெண்டு வாங்கினவங்க, மூணு வாங்கினவங்க, எல்லாரும் வரிசையில நிப்பாங்க."

"அவங்களுக்கும் குடுக்கலாம். மெதுவா, ஒவ்வொருத்தரா."

"எதை வெச்சு? அதோ துணிக்கட்டு வந்து இறங்கியிருக்கே, அது என்ன வானத்துல இருந்து விழுந்துச்சா? நான் எனக்காகவா வாங்கினேன்? உங்களுக்குப் பங்கு குடுக்கலையா?"

"குடுத்தே."

"பின்னே?"

கொடுத்தாள் என்பதுதான் கஷ்டம். கொடுக்காமல் ஏமாற்றியிருந்தால் இவள் இப்போது சுவர் ஓரமாகத் தள்ளி நின்று, நீயாயிற்று உன் கணக்காயிற்று என்று சொல்லியிருக்கலாம்.

குட்டியின் குரல் இறங்கியது. சின்ன வயதில் அண்ணனிடம் கேட்கிற குரல் என்று கணவர் சொல்வாரே, அந்தக் குரல்.

"அண்ணி, நான் பண்ணினது சரின்னு சொல்லல. முதல்ல ஒத்தைக்குப் போட்ட செலவை, மூணு வாங்கினா தளமே தானா மூணால பெருக்கிக் காட்டுச்சு. அதை மாத்தணும்னு பாத்தேன். அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கல. விட்டுட்டேன். இனிமே பெட்டிக்கு ஒரு தடவைதான். கூரியருக்கு என்ன ஆகுதோ அது, பெட்டி டேப்புக்கு என்ன ஆகுதோ அது, உங்க கூலி, அவ்வளவுதான். நீங்களே உக்காந்து போடுங்க. நீங்க போடறதுதான் கணக்கு. சத்தியமா. ஆனா அதுக்குப் பக்கம் இருக்கணும்ல? இந்த ஒரு படம் மட்டும். நானே எடுத்திருப்பேன். வீட்டுல மடிச்சுப் பாத்தேன், அது பெட்டியாவா வருது? மழையில நனைஞ்ச அட்டை மாதிரி பல்லைக் காட்டிட்டு நிக்குது. அந்த நிற ஷேடும் உங்ககிட்டதான் இருக்கு. வரியும் உங்க பேர்லதான் வேணும்."

இனிமேல் சரியாக வாங்கலாம் என்பதுதான் இவள் காலையிலிருந்து சொல்ல நினைத்தது. அதை இவள் சொல்லும் முன்பே குட்டி சொல்லிவிட்டாள். மனசோடுதான் சொன்னாள், அதில் சந்தேகமே இல்லை. இவளுக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்ட மாதிரியும், கிடைத்ததற்கு விலையாக ஏதோ ஒன்றை இப்போதே கொடுத்தாக வேண்டிய மாதிரியும் இருந்தது.

அலமாரிக்குப் போனாள். மூன்று கூடுகளை எடுத்து மேசையில் வைத்தாள். மடிக்காத அட்டை ஒன்றை எடுத்தாள். கை தானாக வேலை செய்தது. மடக்கி, ஓரங்களைத் தட்டி, அடியைச் சொருகி, டேப்பைக் கிழித்தாள். குட்டி மூச்சை விட்டது காதில் கேட்டது. முதல் பெட்டி எழுந்து நின்றது. அதற்குள் ஒரு கூட்டை வைத்தாள். அழகாகத்தான் உட்கார்ந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. வெளிச்சம் படட்டும்," என்றாள் குட்டி. எழுந்து போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

இரண்டாவது அட்டையை எடுத்தபோது, இந்தப் படம் போய்ச் சேருகிற இடம் நினைவுக்கு வந்தது. தளத்தில் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு எழுதுவார்கள்: நீங்கள் சொன்னது உண்மையில்லை. அவள் வீட்டு மூலையில் அந்த ஒரே பெட்டி இன்னும் இருக்கலாம். அதை எட்டிப் பார்ப்பாள். தான் எதையாவது சரியாகக் கவனிக்காமல் விட்டோமா என்று கொஞ்ச நேரம் தன்னையே சந்தேகப்படுவாள். அப்படிப்பட்ட முகம்தான் அது. பிறகு வீட்டில் இருக்கிற யாரோ, 'உனக்கு எப்பவும் இதே வேலைதான், இல்லாததைச் சொல்லிச் சண்டைக்குப் போவே' என்பார்கள். அவள் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

இதையெல்லாம் நானாகக் கற்பனை செய்கிறேன், என்றது மனசு. இருக்கட்டும். அந்தப் பெண் அழகாக இருக்கிறது என்று எழுதினாளே, அது கற்பனை இல்லையே. தையலைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். இழுக்காமல் திருகித்தான் எடுத்திருக்கிறாள். சொன்னதைச் சொன்னபடி கேட்டவளைப் பார்த்து, நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்ல வேண்டும். என் பெயரில் ஒரு வரி.

பயமாகவும் இருந்தது. பக்கம் போய்விட்டால் இந்த அறையில் என்ன செய்வது? துணிக்கட்டு பிரிக்காமல் கிடக்கும். குட்டி விட்ட வேலை திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ. நாளைக் காலையில் சமையலறையை விட்டு வேலையறைக்கு வர ஒரு காரணமும் இருக்காது. அதை நினைத்தபோது மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"என்ன அண்ணி? டேப் தீந்துபோச்சா?"

"இல்ல."

முதல் பெட்டியிலிருந்து கூட்டை வெளியே எடுத்தாள். விளிம்பை விரலால் ஒருமுறை நீவிவிட்டு அலமாரியில் வைத்தாள். மற்ற இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்தாள். ஒட்டிய டேப்பை உரித்தபோது அட்டையின் மேல்தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"இதை நான் பண்ணலம்மா."

"கோவமா? அந்த வார்த்தை சும்மா வாயில வந்துடுச்சு. அதுக்கு எத்தனை தடவை வேணும்னாலும் மன்னிப்பு கேக்கறேன்."

"கோவம் இல்ல. உன் மேல எனக்குக் கோவமே வரமாட்டேங்குது. வந்தா நல்லா இருக்கும்."

"பக்கம் போயிடும். புரியுதா? என் வேலை, உங்க வேலை, எல்லாம்."

"புரியுது."

"புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"ம்."

குட்டி வாசல் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீயாவது சொல்லேன்!" முன்னறைப் பக்கம் குழாயைத் திறந்து கை கழுவுகிற சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை.

"அவங்க கேட்டா ஒரு வரி எழுதித் தர்றேன்," என்றாள் அண்ணி. "ஒரே பெட்டிதான் போச்சுன்னு. அது போதும்னா இப்பவே எழுதறேன்."

"அதை வெச்சு நான் என்ன பண்றது?"

அண்ணி தரையில் விழுந்திருந்த டேப் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினாள். நிமிர்ந்தபோது குட்டியின் கண்கள் நிறைந்திருந்தன. போன் மட்டும் இன்னும் உயர்த்தியபடியே இருந்தது, வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு.

"எனக்காக அண்ணி. ஒரே ஒரு படம்."

"இல்லம்மா," என்றாள்.